பெண்கள் வரிசையின் மேசை

குளவிக்குத் தப்பிய அகஸ்டினா என்றுதான் லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்றும் அவளை அடையாளம் சொல்வார்கள். அது நடந்தது 2017ஆம் ஆண்டு. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மரத்திலிருந்த கூடு கலைந்தது. எட்டுப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஏழு பேர் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அகஸ்டினாவின் இடுப்பில் கட்டியிருந்த சாக்கு தேயிலைச் செடியின் வாதில் மாட்டிக்கொண்டது. அவள் விழுந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். ஆண்கள் புகை மூட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவளால் கண் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. புருசன் அற்புதராஜுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவனால் பின்னேரம்தான் வர முடியும். இரண்டாம் நாள் காலையில் யாரோ கட்டிலில் உட்கார்ந்து, அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்கள்.

"வாயத் தொற. கஞ்சி சூடா ஈக்கி, மெதுவா குடி."

"யாரு?"

"நாந்தான் புள்ள. ஹம்ஸியா."

ஹம்ஸியாவுக்கு லுணுகலைக் கடைத்தெருவில் ஒரு சின்னத் தையல் அறை இருந்தது. ஒரு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான். புருசன் பலீல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் அந்த மெஷினை வைத்துத்தான் மகள் றின்ஸாவை வளர்த்தாள். அகஸ்டினா முதன்முதலில் அங்கே போனது மகள் ஜெசிந்தினி கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளைச் சட்டை தைக்க. கொண்டுபோன துணி போதவில்லை. ஹம்ஸியா ஒன்றும் சொல்லாமல், யாரோ வாங்காமல் விட்டுப்போன வெள்ளைத் துணியை எடுத்துக் கைகளுக்கு வைத்துத் தைத்து, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூக்களும் வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து சாமான் வாங்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அகஸ்டினா அந்த அறைக்குப் போகாமல் திரும்பியதில்லை. ஜெசிந்தினியும் றின்ஸாவும் வெட்டுத் துணிகளுக்கு நடுவே விளையாடுவார்கள். ஹம்ஸியா வயதில் மூத்தவள் என்பதால் அகஸ்டினா அவளை ராத்தா என்று கூப்பிடுவாள். அக்காவுக்கு ஹம்ஸியா வீட்டுச் சொல் அது, இருக்கு என்பதற்கு ஈக்கி என்பதுபோல.

ஆஸ்பத்திரியில் அன்று வார்டைப் பார்க்க வந்த தாதி, தோட்டத்துக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு முக்காடு போட்ட ஒருத்தி கஞ்சி ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள்.

"என்ட தங்கச்சி" என்றாள் ஹம்ஸியா. கண் தெரியாமல் படுத்திருந்த அகஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முகம் வலித்தது.

குணமாகி வந்தபின் அவளால் மலைக்குப் போக முடியவில்லை. பெரட்டுக்களத்தில், கங்காணி பெயர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில், ஒரு வண்டு காதோரம் பறந்ததற்கே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அற்புதராஜ், "போதும், வீட்ல இரு" என்றான். ஒன்றரை வருசம் லயத்து வரிசையில் இருந்த தன் காம்பரா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பதினெட்டு வயதிலிருந்து விடியுமுன் எழுந்து மலையேறியவளுக்கு, மற்றப் பெண்கள் கூடையோடு வாசலைத் தாண்டிப் போகும்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும்.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கும்பலின் குண்டுகள் வெடித்தன. தோட்டத்தின் சின்னக் கோயிலில் சில வாரங்கள் பூசை இல்லை. திரும்பப் பூசை தொடங்கியபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களின் பைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஃபாதர் கேட்டார். ஒருத்தரும் முன்வரவில்லை. பக்கத்து லயத்துப் பெண்ணின் பைக்குள் எப்படிக் கை விடுவது?

"நான் பாக்குறேன் ஃபாதர்" என்றாள் அகஸ்டினா.

அந்த வேலை அவளுக்கு வாய்த்துவிட்டது. வேகமாகவும் பார்ப்பாள், மரியாதையாகவும் பார்ப்பாள். "கொஞ்சம் தொறங்கம்மா, மன்னிச்சுக்கங்க" என்பாள். பைக்குள் இருப்பதைக் கண்டு சிரிக்க மாட்டாள். கண்டதை வெளியே சொல்லவும் மாட்டாள். இரண்டு மாதம் பார்த்த ஃபாதர், பதுளையில் பெண் காவலர் தேடிக்கொண்டிருந்த ஒரு தனியார் கம்பனிக்கு அவள் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த வருசம் எல்லா இடத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், படம் ஓடும் தியேட்டர், மேடை நிகழ்ச்சி என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு மேசை போட்டுப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பெண்களின் பைக்குப் பெண்தான் வேண்டும்.

கம்பனி தந்த கால்சட்டை அவளுக்கு இரண்டு ஆள் அளவு. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஹம்ஸியாவிடம் போனாள். வாழ்க்கையில் முதல்முறை கால்சட்டை போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றவளைப் பார்த்து இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஹம்ஸியா மண்டியிட்டு உட்கார்ந்து, ஊசிகளை வாயில் கவ்வியபடி கால் நீளத்தைக் குறித்தாள். பெரிய கத்திரிக்கோலை எடுத்துக் கரக் கரக்கென்று வெட்டினாள். அறையில் வேறு யாரும் இல்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் அங்கே நாலு பேராவது காத்திருப்பார்கள்.

"ஆள் கொறஞ்சிருச்சா ராத்தா?"

"கொறையாம? உயிர்த்த ஞாயிறுக்குப் பொறகு ஊரே என்னப் பாத்துப் பயப்படுது. நான் ஊசியால குத்தவா போறேன்?" என்றாள் ஹம்ஸியா. அதற்கும் சிரித்தாள். அகஸ்டினாவும் சிரித்தாள்.

அகஸ்டினாவைப் பதுளை நகரில் ஒரு மண்டபத்து வாசலில் போட்டார்கள். ஒரு நாள் இசைக் கச்சேரி, ஒரு நாள் பரிசளிப்பு விழா, ஒரு நாள் நாடகம். பெண்கள் வரிசையின் மேசை அவளுடையது. நான்கு மாதத்தில் ஆயிரக்கணக்கான பைகள் அவள் கைக்குள்ளால் போயின. தெமோதரையிலிருந்து இசை நிகழ்ச்சிக்கு வந்த ஒரு குடும்பம், ஏழு பேருக்கான ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தது. சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்ற விதியால் ஏழு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு உள்ளே போனார்கள். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு பெரியம்மாவின் கைப்பையில் செத்துப்போன மகனின் அடையாள அட்டை ஒரு கைக்குட்டைக்குள் மடித்து இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மா வைத்திருந்த அதே மடிப்பில் அகஸ்டினா திரும்ப வைத்தாள்.

அவளுக்கு மேலே ஜெஸ்டின் என்ற மேற்பார்வையாளன். முப்பது வயதிருக்கும். கெட்டவன் இல்லை, பதற்றக்காரன். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், மண்டபத்துக்குள் யாரோ சாராயப் போத்தல் கொண்டுபோய்விட்டார்கள் என்று கம்பனி அவனைக் கூப்பிட்டு ஏசியிருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை அங்கே பாடசாலை நாடகப் போட்டி.

"அகஸ்டினா, இன்னைக்கு ஒவ்வொரு பேக்கையும் மேசையில கொட்டிப் பாருங்க. கைய விட்டுத் தடவினா பத்தாது. தேர்தல் வேற வருது. ஏதும் ஒண்ணு நடந்தா என் தலதான் உருளும்" என்றான் ஜெஸ்டின்.

"சரிங்க சேர்."

பத்து மணி தாண்டியபோது வரிசை ரோட்டு வரைக்கும் நீண்டிருந்தது. பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மார், அக்காமார், ஆசிரியைகள். ஒருத்தி பின் ஒருத்தியாகப் பையைக் கவிழ்த்து, பார்த்து, திரும்ப நிரப்ப வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் ஹம்ஸியா நின்றாள். வியர்த்திருந்தாள். கறுப்பு அபாயாவின் ஓரமெல்லாம் புழுதி. அகஸ்டினாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். அகஸ்டினா தலையை ஆட்டினாள்.

றின்ஸாவின் பாடசாலையும் அன்று நாடகம் போடுவது அகஸ்டினாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அரசன் வேடம். சிவப்பு அங்கியை ஹம்ஸியாவே தைத்திருந்தாள். அன்று காலை பஸ்ஸில் வரும்போது நெரிசலில் அங்கியின் தோள் கிழிந்துவிட்டது. ஆசிரியை போன் பண்ணி, "தையல் சாமானோட உடனே வாங்க" என்று சொல்லியிருந்தார். ஹம்ஸியா கடையைப் பூட்டிவிட்டு, பசறை வழியாக வந்த முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே பதுளைக்கு வந்திருந்தாள். இதெல்லாம் அகஸ்டினாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் றின்ஸாவின் நாடகம் பதினொரு மணிக்கு என்பதும், அதற்காக ஹம்ஸியா வந்திருக்கிறாள் என்பதும் அப்போதே தெரியும்.

ஹம்ஸியாவின் முறை வந்தபோது ஜெஸ்டின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சீருடை போட்ட ஆளைக் கண்டதும் ஹம்ஸியா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பையை மேசையில் வைத்தாள். அகஸ்டினா அதைக் கவிழ்த்தாள். ஊசி டப்பா, நூல் கட்டைகள், சிவப்புத் துணியில் ஒரு துண்டு, கடதாசியில் சுற்றிய இரண்டு பனிஸ் ரொட்டி. கடைசியாக, வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்த நீளமான ஒன்று பலகையில் டொக்கென்று விழுந்தது. கட்டு அவிழ்ந்தது. பெரிய கத்திரிக்கோல்.

பின்னால் நின்ற பெண் ஒருத்தி "ஐயோ!" என்று இரண்டடி தள்ளிப்போனாள். அவள் தள்ளிப்போனதைப் பார்த்து அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் தள்ளிப்போனார்கள்.

"இது என்ன?" என்றான் ஜெஸ்டின்.

"தையல் கத்திரிக்கோல் சேர். மகள்ட உடுப்பு கிழிஞ்சிட்டு."

"ஏன் துணியில சுத்தி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல்ல சேர், மொன குத்தாம ஈக்கத்தான்..."

"எந்த ஊரு?"

"லுணுகல."

சோதனை முடிந்து உள்ளே போனவர்களும் திரும்பி நின்று போனை உயர்த்திப் பிடித்தார்கள். ஜெஸ்டின் அகஸ்டினா பக்கம் திரும்பினான். "நீங்களும் லுணுகல பக்கந்தானே. இவங்கள தெரியுமா?"

அந்த ஒரு நிமிசத்தை அகஸ்டினா பிறகு எத்தனையோ தரம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறாள். பயந்தாள் என்பது உண்மை. தெரியும் என்றால், தெரிந்த ஆளைச் சோதிக்காமல் விடுகிறாளா என்று கேட்பார்கள். தன்னையும் சேர்த்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள் கிடக்க வேண்டிவரும். இவ்வளவும் ஒரே சமயத்தில் தலைக்குள் ஓடியது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. எல்லோரும் பின்வாங்கியதைப் பார்த்தபோது, மேசையில் கிடந்த அந்த இரும்பைப் பார்த்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவளை நமக்கு உண்மையிலேயே தெரியுமா என்று அவள் மனதுக்குள் ஒரு கேள்வி எழுந்து அடங்கியது. தன் இடுப்பிலிருந்த கால்சட்டையை வெட்டிய கத்திரிக்கோல் அது. அந்தக் கேள்வியைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

"தெரியாது சேர்" என்றாள்.

ஹம்ஸியா அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெஸ்டின் காட்டிய பக்கம் நடந்தாள். அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் அவளை உட்கார வைத்தார்கள். கம்பனியின் அதிகாரி பண்டாரவளையிலிருந்து வரும்வரை வெளியே விடக்கூடாது என்று சொன்னார்கள்.

அகஸ்டினா நூல் கட்டைகளையும் பனிஸையும் பைக்குள் போட்டு ஓரமாக வைத்தாள். அடுத்தவள் தன் பையை மேசையில் வைத்தாள். அதையும் கவிழ்த்துப் பார்த்தாள்.

மண்டபத்துக்குள் நடப்பது வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொரு மணி தாண்டியதும் றின்ஸாவின் பாடசாலைப் பெயரைச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பிள்ளையின் குரல், அரசனுக்கு ஏற்ப வலிந்து தடிப்பாக்கிய குரல், வாசலுக்கு வந்தது. நடுவில் சபை சிரித்தது. சிரிக்க வேண்டிய இடம் அது இல்லை. குரல் தடுமாறி நின்று, திரும்பத் தொடங்கியது. ஆசிரியை ஊசி குத்திப் பிடித்து அனுப்பிய அங்கி மேடையில் நழுவிவிட்டது என்றும், பிள்ளை ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டே நாடகத்தை முடித்தாள் என்றும் அகஸ்டினா பிறகு கேள்விப்பட்டாள்.

அதிகாரி வந்தபோது ஒரு மணி. உள்ளே போய் நாலைந்து கேள்வி கேட்டார். சிரித்துவிட்டு, "போகச் சொல்லுங்க" என்றார். கத்திரிக்கோலை மட்டும் புத்தகத்தில் எழுதிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். ஹம்ஸியா வெளியே வந்தபோது றின்ஸாவும் பிள்ளைகளோடு வெளியே வந்தாள். மை தீட்டிய மீசை பாதி அழிந்து கன்னத்தில் இழுபட்டிருந்தது.

"உம்மா, ஏன் வரல்ல?" என்று கேட்டவள், வாசலில் நின்ற அகஸ்டினாவைக் கண்டு ஆச்சரியப்பட்டாள். "மாமி! நீங்க இங்கயா இருந்தீங்க?"

அகஸ்டினா நீட்டிய பையை ஹம்ஸியா வாங்கிக்கொண்டாள்.

"வா மகள், பஸ் பெய்த்துரும்" என்றாள் ஹம்ஸியா. மகளின் தோளில் கிழிந்து தொங்கிய துணியைப் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அகஸ்டினா வேலை முடிந்து வந்தபோது ஜெசிந்தினி கதவடியில் போனோடு நின்றாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோ. பதுளை மண்டபத்தில் ஆயுதத்தோடு பிடிபட்ட பெண் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். மேசை, கத்திரிக்கோல், ஹம்ஸியாவின் முகம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அகஸ்டினாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கடைசியில் "தெரியாது சேர்" என்ற குரல் கேட்டது.

"அம்மா, இது ஹம்ஸியா மாமி."

"ம்."

"தெரியாதுன்னு சொல்றது யாரு?"

அகஸ்டினா தொப்பியைக் கழற்றினாள். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

"அம்மா, ஒங்களத்தான் கேக்குறேன்."

"நான்தான்" என்றாள்.

ஜெசிந்தினி போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு வாரம் தாயோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபின்னும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்களோ, லுணுகலையில் எல்லோரும் பார்த்தார்கள். இருந்த ஓரிரு வாடிக்கைக்காரரும் தையல் அறைக்கு வருவதை நிறுத்தினார்கள். தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனவர்களும் உண்டு. அந்தப் பெண்ணை விசாரித்து ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள் என்று எவரும் எழுதிப் போடவில்லை.

அகஸ்டினா மன்னிப்புக் கேட்கப் போகாமல் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை போனாள், அறை பூட்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு போனாள்; திறந்திருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம், பக்கத்துச் சில்லறைக் கடைக்கு எதிரே நின்று பார்த்தாள். ஹம்ஸியா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். ரோட்டைக் கடக்கப் பத்தடிகூட இல்லை. ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போனபின்னும் அகஸ்டினா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தோட்டத்து ரோட்டில் ஏறி நடந்துவிட்டாள். மறுபடி அவள் துணிந்து போனபோது அறையில் வேறு ஆட்கள் போன் திருத்தும் கடை போட்டிருந்தார்கள். அதன்பின் கொரோனா வந்து எல்லா வாசல்களையும் மூடியது.

மண்டபங்கள் திரும்பத் திறந்தபோது கம்பனி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. மேசை வேண்டாம், வாகனம் நிறுத்துகிற பக்கம் நிற்கிறேன் என்றாள். ஜெஸ்டின் காரணம் கேட்டபோது முதன்முறையாக அவனிடம் சொன்னாள்.

"தெரிஞ்சவங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனேக்கா. கத்திரிக்கோல நீங்களே கையில வச்சுக்கிட்டு, கூட போய் தச்சிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அகஸ்டினா கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள்.

தையல் அறைக்குப் பக்கத்துச் சில்லறைக் கடை ஜிப்னாவிடம் ஹம்ஸியாவின் விலாசம் வாங்க அவளுக்கு மூன்று தரம் போக வேண்டியிருந்தது. "எதுக்கு இப்ப?" என்றுதான் ஜிப்னா முதலில் கேட்டாள். கடைசியில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். வெலிமடைக்கு அப்பால் குருத்தலாவையில், தம்பி ஸலீமின் வீட்டில் ஹம்ஸியா இருந்தாள். 2023ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, இரண்டு பஸ் மாறி அகஸ்டினா அங்கே போனாள். கையில் தோட்டத்துத் தேயிலை ஒரு பொட்டலம்.

கதவைத் திறந்தது ஹம்ஸியாதான். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு கணம் நின்றுவிட்டு, "வாங்க" என்றாள்.

உள்ளே மூலையில் அந்த மெஷின் துணி மூடிக் கிடந்தது. ஸலீமின் மனைவி தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் எல்லோரும் சுகமா, அற்புதராஜ் எப்படி, ஜெசிந்தினி என்ன செய்கிறாள் என்று ஹம்ஸியா ஒழுங்காக எல்லாம் விசாரித்தாள். றின்ஸா வந்து தாயின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பதினெட்டு வயதுப் பெண்ணாகியிருந்தாள்.

அகஸ்டினா கோப்பையைக் கீழே வைத்தாள். "ராத்தா, அன்னைக்கு நான் தெரியாதுன்னு சொன்னேன்."

"கேட்டது. பக்கத்துலதானே நின்டேன்."

"பயந்துட்டேன் ராத்தா."

"பயம் எனக்கும்தான் ஈந்தது" என்றாள் ஹம்ஸியா.

"மன்னிச்சிருங்க."

"மன்னிக்க என்ன ஈக்கி. அல்லாஹ் எல்லாரையும் மன்னிப்பான். நீங்க உங்கட வேலயப் பாத்தீங்க."

வருசக்கணக்காக நீ, புள்ள, அடியே என்று கூப்பிட்டவள் இப்போது வார்த்தைக்கு வார்த்தை நீங்க என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசுகிற மரியாதை மட்டும் இருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அகஸ்டினாவுக்குத் தோன்றியது.

றின்ஸா பேசினாள். "மாமி, ஒண்டு கேக்கவா? நீங்க தெரியும்னு செல்லி ஈந்தா என்ன நடந்திருக்கும்?"

"றின்ஸா" என்று ஹம்ஸியா தடுத்தாள்.

"இல்ல உம்மா, எனக்குத் தெரியணும். அந்த வீடியோவ நான் எத்தனையோ தரம் பாத்திருக்கேன். மாமிய வேலையால நிப்பாட்டி இருப்பாங்களா? அப்பிடியெண்டா சரி. எனக்கு வெளங்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். தனக்கும் ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அகஸ்டினா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் நடந்திருக்காது மகள். சேர்கிட்ட பொறகு கேட்டேன். விட்டிருப்பேன்னு சொன்னாரு."

றின்ஸா தலையை மெல்ல ஆட்டினாள். உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் ஏறவில்லை என்று ஸலீமின் மனைவி, கோப்பைகளை எடுக்க வந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ஹம்ஸியா வாசல் வரைக்கும் வந்தாள். அகஸ்டினாவின் ரவிக்கை தோளில் தையல் விட்டிருந்தது. ஹம்ஸியாவின் கண் நேராக அங்கே போனது. கையும் பாதி தூரம் வந்தது. பிறகு அந்தக் கை திரும்பித் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டது.

"மழ வரும்போல ஈக்கி. நேரத்தோட போங்க" என்றாள்.

போகுமுன் அகஸ்டினா போன் நம்பர் கேட்டாள். ஹம்ஸியா மறுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

இப்போது நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டுக்கும் அகஸ்டினா போன் பண்ணுகிறாள். காலையில் அவர்கள் தொழுகை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்து, பதுளை மண்டபத்து வாகனங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு பண்ணுவாள். ஹம்ஸியா ஒருதரமும் எடுக்காமல் விட்டதில்லை.

"சொகமா ஈக்கிறீங்களா?"

"சொகமா இருக்கேன் ராத்தா. பெருநாள் வாழ்த்து."

"உங்களுக்கும். வீட்ல எல்லாரயும் கேட்டேண்டு செல்லுங்க."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்கும். யாராவது ஒருவர் சரி என்று சொல்லும்வரை, போனைக் காதில் வைத்தபடி இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்கள்.